உளி வாயில் சீமெந்து

"நீ தீட்டுற லட்சணம் இதுதானா முஸம்மில்? ஒரு கிழமை தாங்கல."

கன்வஸ் சுருளைத் தூக்கி என் மேசையில போட்டார் விஜயரத்தினம் சேர். உள்ளே ஒன்பது உளி. அரசாங்கக் கச்சேரியில அதிகாரியா இருந்து ஓய்வு பெற்று மூணு வருசம் ஆகுது, குரல் மட்டும் இன்னும் பென்சன் எடுக்கல.

வீடு பல்லேபொலயில. பொழுதுபோக்குக்கு மரத்துல சித்திரம் செதுக்குறார். சனிக்கிழமையில மனுசியோட மாத்தளைக்கு சாமான் வாங்க வர்றப்போ உளியை என்கிட்டத் தீட்டக் குடுப்பார். புதன்ல தனியா வந்து எடுத்துக்கிட்டுப் போவார். மனுசி சுசீலாதேவி, முந்தி டீச்சரா இருந்தவங்க. இப்பவும் எங்களுக்கு டீச்சர்தான். அன்னைக்கும் சேருக்குப் பின்னால நின்னாங்க.

"மூணு கிழமையா இதே கதை. நான் திரும்பத் திரும்ப வரணும்னு வேணும்னே மொட்டையாத் தீட்டிக் குடுக்கிறியா?"

பக்கத்து வாங்குல அஸ்ஹர் உட்கார்ந்திருந்தான். மரச் சித்திரப் பட்டறை வச்சிருக்கிறவன். அவன் பட்டறை உளி நாப்பதும் என்கிட்டத்தான் வரும், என் கடை ஓடுறதே அதுலதான். அவனை வச்சுக்கிட்டு இந்தப் பேச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒரு உளியை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். மழுங்கின வாய் வெள்ளையா மினுங்குச்சு. மரத்துல பட்டு மழுங்கினா இப்படி இருக்காது. வாய்க்குக் குறுக்கே கீறல், கீறலுக்குள்ள சாம்பல் நிறத்துல தூள். சீமெந்து. ஒன்பது உளியிலயும் அதேதான். யாரோ சீமெந்துக் கல்லுல வச்சுத் தேய்ச்சிருக்காங்க. முதல் ரெண்டு தடவையும் பார்க்காமலே தீட்டிக் குடுத்திருக்கேன், என் புத்தியைச் சொல்லணும்.

"சேர், இது நான்..."

வாயைத் திறந்தவன் அவருக்குப் பின்னால பார்த்தேன். டீச்சர் முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. சொல்லாதீங்கன்னு தலையை ஆட்டினாங்க.

"...நான் புதுக் கல் ஒண்ணு வாங்கினேன் சேர். அது சரியில்ல. பிழை என்மேலதான்."

"கேட்டியா அஸ்ஹர், அவனே ஒத்துக்கிறான்."

அஸ்ஹர் என்னைப் பார்க்கல. "அப்புறம் வாறேன் முஸம்மில் நானா"ன்னு சொல்லிட்டு உளிப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

சேர் மருந்து வாங்க பார்மசிக்குப் போனார். டீச்சர் கடையிலயே நின்னாங்க.

"உடுப்புத் தோய்க்கிற கல்லுலயா டீச்சர் தேய்ச்சீங்க?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. "சித்திரையில அவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு தம்பி. கண்டிக்குக் கொண்டு போய்த்தான் காப்பாத்தினோம். ரத்தம் உறையாம இருக்கக் குளிசை குடிக்கிறார். சின்னக் காயம் பட்டாலும் லேசுல நிக்காதாம். உளியைத் தொடாதீங்கன்னா கேக்கிறாரா? அதான், அவர் குளிக்கப் போற நேரம் பார்த்து..."

"டீச்சர், கூரான உளி நம்ம சொன்ன வழியில போகும். மொட்டை உளியைத்தான் அமுக்கித் தள்ளணும். அமுக்கினா வழுக்கிக்கிட்டுக் கையிலதான் ஏறும்."

"மொட்டை உளி வெட்டுமா? நீங்க தீட்டுறவர், அப்படித்தான் சொல்லுவீங்க." கண் நிறைஞ்சு போச்சு. "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தம்பி. தெரிஞ்சா அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது."

சரின்னுட்டேன். அழுற மனுசிகிட்ட வேற என்னத்தச் சொல்ல?

எண்ணெய் விட்டுக் கல்லுல இழுத்து, பிசிறு எடுத்து, தோல்வார்ல உரசி ஒன்பதையும் முடிச்சேன். கை மயிரை வழிச்சுப் பார்த்தா சுத்தமா வழிச்சுது. ஆனா மனசு சரியில்ல. அஸ்ஹர் மூணு நாளா எட்டிப் பார்க்கல, அது ஒரு பக்கம். டீச்சர் இதைத் திரும்பவும் தேய்ப்பாங்க. அது தெரியாம இந்த மனுசன் மொட்டை உளியை அமுக்கி, ரத்தம் நிக்காமப் போய் ஏதாச்சும் ஆயிட்டா, அல்லாஹ்கிட்ட நான் என்ன பதில் சொல்றது?

புதன்கிழமை சேர் வந்தார். வாக்குக் குடுத்தது குடுத்ததுதான், ஆனா உயிர் அதை விடப் பெருசுன்னு நினைச்சு வாயைத் திறந்தேன்.

"கோவிக்காதீங்க சேர். என் கல்லுல ஒரு பிழையும் இல்ல. வீட்டுல டீச்சர்தான்..."

"தெரியும்."

குடுக்க எடுத்த சுருளைத் திரும்ப மேசையில வச்சேன்.

"முதல் நாளே ஜன்னலால பார்த்தேன். அவ தேய்ச்ச உளியை நான் மரத்துல வைக்கிறதே இல்ல, அப்படியே சுருட்டி உன்கிட்டக் கொண்டு வந்துருவேன். மொட்டை உளி என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சேர் என்னைப் போட்டுத் திட்டினீங்க? அதுவும் அஸ்ஹரை வச்சுக்கிட்டு."

"அவ பக்கத்துல நின்னாளே. நான் கத்தாட்டி, இவருக்கு விளங்கிருச்சுன்னு கண்டுபிடிச்சிருவா. அஸ்ஹர் இருக்கிறப்போ கத்தினது என் பிழை. இப்பத்தான் அவன் பட்டறைக்குப் போய் உள்ளதைச் சொல்லிட்டு வாறேன். நாளைக்கு உளியோட வருவான். மன்னிச்சுக்க முஸம்மில்."

கச்சேரி அதிகாரி ஒருத்தர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டது இதுதான் முதல் தடவை. அப்பவும் என் கோபம் முழுசா இறங்கல.

"டீச்சர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தலாமே சேர். எதுக்கு இந்த நாடகம்?"

சேர் சுருளை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டார். குரல் நல்லா இறங்கிப் போச்சு.

"எனக்கு நெஞ்சு வலி வந்ததுல இருந்து அவ தூங்குறதில்ல. எழும்பி எழும்பி எனக்கு மூச்சு வருதான்னு பார்க்கிறா. உளியைத் தேய்ச்சு வைக்கிற அன்னைக்கு மட்டுந்தான், விடியும் வரைக்கும் தூங்குறா."