பதினெட்டு வரி

கோப்பு வெறுமையாகத் திறந்து கிடந்தது.

அவள் விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன. தொடவில்லை.

பின்னால் பூஜைக்குப் பொரியும் கடலையும் பரப்பியாகிவிட்டது. சாம்பிராணி கண்ணைக் கரித்தது. முதலாளி சங்கரபாண்டியன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். கற்பூரம் காட்டியதும் சர்வரைத் தன் கையாலேயே அணைப்பார். ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்கு ஓய்வு. ஆறு பேர் இருக்கிற அந்தத் தென்காசி அலுவலகத்தில் அது வழக்கம்.

பள்ளிகளுக்கும் விடுமுறைதான். பள்ளி வேன்கள் ஓடாது. தன் பிள்ளையின் வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று இன்றைக்கு எந்தத் தாயும் போனை நோண்டப் போவதில்லை.

நாளை மறுநாள் நோண்டுவார்கள். மாலை நான்கு மணிக்கு, அத்தனை பேரும் ஒரே நேரத்தில்.

நோண்டட்டும்.

நேற்று எல்லோரையும் நிற்கவைத்து முதலாளி அந்த அறிக்கையை வாசித்தார். பெங்களூரிலிருந்து வந்துபோன ஆலோசகர் எழுதியது.

‘லினக்ஸ் சர்வரில் இதுவரை எந்தச் சீரமைப்பும் செய்யப்படவில்லை. நிறுவிய நாளில் இருந்தபடியே இருக்கிறது.’

தாளை மடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“அப்ப இத்தனை மாசமா என்னதாம்மா பண்ணிட்டிருந்த?”

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து சர்வர் ஆலோசகரின் பொறுப்பு. அவளுக்கு வேன் எண்களைப் பதிவு செய்கிற வேலை.

எந்தச் சீரமைப்பும் இல்லையாம்!

ஜூன் மாதம் எப்படி இருந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியுமா? நான்கு மணி அடித்தால் சர்வர் பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். வேன்கள் வரைபடத்தில் அப்படியே உறைந்து நிற்கும். அடுத்த நிமிடம் போன் அலறும். போன் எடுக்கிற செண்பகம் அக்கா ஊரிலுள்ள அத்தனை தாய்மாரிடமும் வசவு வாங்குவாள். ஐந்தரைக்கு ரிசீவரை வைக்கும்போது அக்காவின் காது சிவந்திருக்கும்.

அதைச் சரிசெய்ய சர்வர் முன் உட்கார்ந்தவள் அவள்தான்.

எத்தனை பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடலாம். மீதிப் பேரை எவ்வளவு நீள வரிசையில் நிறுத்தலாம். நினைவகம் நிறைந்தால் எதை முதலில் இறக்கி வைக்கலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றுவாள். மறுநாள் நான்கு மணிக்குப் பெட்டி எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்பாள். சரியில்லையென்றால் பழைய எண்ணையே வைப்பாள். சமைக்கிறவள் உப்புப் பார்க்கிற மாதிரி.

ஆகஸ்டில் போன் அடங்கியது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியவை அவையெல்லாம். பெட்டி உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் பெட்டி எழும்போது படிக்கிற கோப்பில் எழுதிவைக்காவிட்டால், ஒருமுறை அணைத்து எழுப்பினால் போதும், சுத்தமாக மறந்துவிடும். எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டாள். தப்புத்தான். அணைக்காத பெட்டிக்கு என்ன அவசரம் என்று இருந்துவிட்டாள். எல்லா எண்ணும் அவள் தலைக்குள் இருந்தது.

ஆலோசகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கோப்பைத் திறந்தார். வெறுமையாக இருந்தது. மூடினார்.

ஓடுகிற பெட்டியை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவளைக் கேட்டிருக்கலாம். ஒரு போன், ஒரு வார்த்தை.

கோபம் வராதா பின்னே?

இருக்கட்டும். வெறுமையாகவே இருக்கட்டும். நாளை மறுநாள் நான்கு மணிக்குத் தெரியும், செய்யப்படாத சீரமைப்பு எது என்று. எழுதிவைத்தாலோ, ஒன்றாம் தேதிக்குப் பிறகு பெட்டி நன்றாக ஓடும். ஆலோசகர் பேர் வாங்குவார்.

கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

செண்பகம் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள். பிரிண்டருக்கு ஒரு பொட்டு. சர்வரின் நெற்றியில் ஒன்று. தன் போனுக்கு, சரியாகக் காது வைக்கிற இடத்தில், ஒன்று.

பிறகு அவள் எதிரே வந்து நின்றாள்.

“கையை நீட்டுட்டி.”

“எதுக்குக்கா?”

“ஆயுதத்துக்கெல்லாம் வச்சாச்சு. இது பாக்கி கெடக்குல்லா.”

விரலுக்கு ஒன்றாகப் பத்துப் பொட்டு. குளிர்ச்சியாக இருந்தது. நேற்று அறிக்கை வாசித்தபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டு காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தக் காது.

“என்னம்மா, அணைக்கலாமா?” முதலாளி கற்பூரத் தட்டோடு நின்றார்.

“இருங்க சார்.”

கோபம் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கோபத்தோடேதான் அடித்தாள். ஒவ்வொரு எண்ணும் ஜூனிலிருந்து வரிசையாக வந்தது. மேசை அதிர்ந்தது. கற்பூரம் பாதி கரைந்தது.

“அப்படி என்னத்தைத்தான் அடிச்சிட்டிருக்க?”

“பதினெட்டு வரி சார்.” சேமித்துவிட்டு எழுந்தாள். “இப்ப அணைங்க.”

என்ன வரி என்று அவர் கேட்கவில்லை.

பதினேழு வரி பெட்டிக்கு. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரியின் தொடக்கத்தில் மட்டும் அவள் ஒரு குறி போட்டிருந்தாள். அந்தக் குறி போட்ட வரியைப் பெட்டி படிக்காமல் தாண்டிப் போகும். கோப்பைத் திறக்கிற மனிதருக்கு மட்டும் எழுதுவது அது.

‘கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.’

முதலாளி பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லோரும் கைகூப்பினார்கள்.

அவள் கூப்பவில்லை. விரல்களை விரித்துப் பார்த்தாள்.

சந்தனம் முழுக்க விசைப்பலகை எழுத்துகளின் மேல் இருந்தது.