கோயில் கூரைத் தண்ணீர்

மழை பெய்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

ஹவீஸ் பீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவாலய வளாகத்துக்குள் நுழைந்தாள். வெயிலில் எல்லாமே லேசாக மிதந்தன. சிலுவைகள், மேய்கிற ஆடுகள், சாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த, கூரைக்கு ஈயத் தகடு அடிக்க வந்த வைமண்ட்.

"வந்துட்டா மகராசி! உன் பீரைக் குடிச்சே என் வேலை பத்து நாள் பின்னால போச்சு."

"கசக்குதாண்ணே?"

"கசந்தா நான் ஏன் கீழ இறங்கி வரேன்?"

அவளுக்கு வேண்டியிருந்ததே அந்தப் பத்து நாள்தான். அவர் முடிப்பதற்குள் ஒரு மழை வந்துவிட வேண்டும்.

பழைய கூரை ஓக் மரச் சில்லுகளால் ஆனது. இருநூறு வருடமாக மழை அதில் வழிந்து சுவரோரம் நேராகச் சொட்டியது. சொட்டிச் சொட்டி, மண்ணில் ஒரு விரல் ஆழத்துக்குக் கோடு விழுந்திருந்தது.

பீடத்துக்கு மேலுள்ள கூரையில் ஓடிவரும் தண்ணீர். ஊர்ப் பெண்கள் அதைச் சட்டியில் பிடிப்பார்கள். சாமியார் கைபட்ட தீர்த்தத்துக்குச் சமம் என்பார்கள்.

புதுக் கூரை ஈயத்தில். ஓரம் முழுக்க ஈயக் கால்வாய். இனி தண்ணீர் அதில் ஓடி, கல் சிங்கத்தின் வாய் வழியாக மூன்று எட்டு தள்ளிப் போய் விழும். சுவரடியில் ஒரு சொட்டும் விழாது. ஊருக்கே பெருமை.

கிழக்கு மூலையில் மட்டும் நான்கடி பாக்கி. ஒரே ஒரு தகடு.

தினமும் ஹவீஸ் அந்த நான்கடிக்குக் கீழே போய் நிற்பாள். அண்ணாந்து பார்ப்பாள். வானத்தில் ஒன்றுமே இருக்காது.

இன்று இருந்தது. பார்லி வயல்களுக்கு அப்பால் சாம்பல் நிறம் எழும்பியிருந்தது. மணிக்கூண்டுக் காக்கைகள் சத்தமில்லாமல் சுற்றின. வெளிச்சம் பச்சையாக மாறி, கோயில் முழுவதும் குளத்தின் அடியில் நிற்பதுபோல் தெரிந்தது.

வைமண்டும் பார்த்துவிட்டார். குடத்தைத் தொடவில்லை. தகட்டைத் தூக்கி மூலையில் பொருத்தினார்.

"மழைக்கு முன்ன அடிச்சு முடிச்சுடறேன்."

ஹவீஸ் ஏணியில் ஏறினாள். இதற்கு முன் ஏறியதில்லை. தகட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். ஈயம் உடம்புச் சூட்டில் இருந்தது.

"கையை எடு தாயி. நசுங்கிடும்."

"ஒரே ஒரு மழை போகட்டும்ணே. அப்புறம் நானே தகட்டைப் பிடிச்சுக்கிறேன், நீங்க அடிங்க."

"நல்லா இருக்கே! சுவர் நனையக் கூடாதுன்னுதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. எதுக்கு நனையணும்? அதையாவது சொல்லு."

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குத் தெரிந்தால் தோண்டி வெளியே வீசிவிடுவார்கள். இவர் வெளியூர்க்காரர். சுத்தியலை ஓங்கியபடியே காத்திருந்தார்.

தூரத்தில் இடி உருண்டது.

அவள் கீழே பார்த்தாள். சுவரடியில் புல் முளைக்காத இடம், இரண்டு கை நீளம்.

"அங்க என் புள்ளயப் பொதைச்சிருக்கேன்ணே," என்றாள். "பொறக்கும்போதே உசிரு இல்ல. செத்ததுக்கு ஞானஸ்நானம் கிடையாதுன்னு சாமியார் தண்ணி ஊத்தல."