முட்டுக்கம்பு

"அந்தக் கம்பை இங்கிட்டுக் குடுங்க. இது வேரோட ஆடுது" என்றாள் ஒச்சம்மாள்.

மூக்கையா ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான். மாசியில் மூத்த மகன் ராமர் கிணற்றில் விழுந்து செத்ததிலிருந்து அவள் அவனோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. தட்டில் சோற்றை வைப்பாள், போய்விடுவாள். இன்றைக்குப் புயல் என்று ரேடியோவில் சொன்னதும், கூப்பிடாமலே காட்டுக்கு வந்து நிற்கிறாள், பெண்டாட்டி.

ஆத்தூர் அணைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அவன் காடு. சுற்றிலும் ஆமணக்கு, நடுவில் ஆள் உயரத்துக்குக் கஞ்சாச் செடி. பூ முற்றி, அறுப்புக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. கிழக்கே வானம் கருத்துக் கிடந்தது. காற்றில் செடிகள் தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தன.

"இறுக்கிக் கட்டாத புள்ள. தண்டு அறுத்துக்கிரும்."

"தெரியும்."

பழைய சேலையைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள். கம்புக்கும் செடிக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, பிள்ளைக்கு அரைஞாண் கட்டுவது போலக் கட்டினாள்.

மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியது.

"நீ வீட்டுக்குப் போ. காய்ச்சல் கண்டுரும். பாதி போனாப் போகட்டும்."

"ஒண்ணும் போகக் கூடாது. வரப்பை வெட்டித் தண்ணிய வடிய விடுங்க. வேருல நின்னா சாஞ்சிரும்."

மூக்கையா மண்வெட்டியை எடுத்தான். இந்தச் செடி நமக்கு வேண்டாம் என்று அவன் காலைப் பிடித்து அழுதவள்தான் இவள்.

"ராமரு இருந்தா இந்நேரம் ஒத்தாசைக்கு நின்னுருப்பான்ல?"

அவள் கை நின்றது. "இருந்திருந்தா நின்னுருப்பான்" என்றாள். பிறகு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"எம்மேல இன்னும் கோவமா?"

"கம்பைப் பிடிங்க."

சாயங்காலம் வரை காற்று பேயாக ஆடியது. ஓரத்து வரிசைக் கம்புகளை இருவரும் மாறி மாறி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலையில் வெயில் அடித்தது. பக்கத்துத் தோட்டத்து வாழை முழுக்க முறிந்து கிடந்தது. இவர்கள் செடி மட்டும் நின்றது.

"எல்லாம் உன்னாலதான். என்னைய மன்னிச்சிட்டேல்ல?" மூக்கையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வண்டிப்பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. ஆமணக்குக்கு அப்பால் சிவப்புத் தொப்பிகள் தெரிந்தன.

"போலீசு. ஓடு புள்ள, ஓடு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. அவன் கையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்க்காமல் நேரே அவளிடம் வந்தார்.

"நீங்க சொன்னபடி ஒண்ணைக்கூடச் சாய விடலைங்கய்யா. செடி நின்னாத்தான் கேசு நிக்கும்னீங்கள்ல?" என்றாள் ஒச்சம்மாள். பிறகு மூக்கையாவின் பக்கம் திரும்பினாள். "மூத்தவன் இதைக் குடிச்சிட்டுத்தான் கெணத்துல விழுந்தான். போன வாரம் சின்னவன் சட்டைப்பையிலயும் இதே இலை இருந்துச்சு."