சட்டைப்பை வாத்தியார்

காலைக் குறுக்கே போட்டுப் பக்கவாட்டில் நடக்கிற புது நடை, சிட்டு என்ற இளம் குதிரைக்கு வரவேயில்லை. பழக்குகிற ஏகாம்பரத்தின் சட்டைப்பையில் ஒரு அச்சுவெல்லம் இருந்தது. நடை சரியாக வந்ததும் சிட்டு தின்பதற்காக வைத்தது. இது வெல்லத்துக்குத் தெரியும். சிட்டுக்குத் தெரியாது.

"அவசரப்படாதடா கண்ணு," என்று பைக்குள்ளிருந்து தினமும் சொல்லும் வெல்லம். "கால் தடுக்குதா? தடுக்கட்டும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

இப்படித் திட்டாத வாத்தியாரை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. சிட்டு உருகிப்போய்விட்டது.

"சார், உங்களுக்காகவே கத்துக்கிட்டுக் காட்டறேன்."

"ஐயையோ, எனக்காக ஒண்ணும் வேண்டாம்டா!"

சிட்டு கேட்கவில்லை. மூன்றாம் நாளே மைதானத்தை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பக்கவாட்டில் நடந்து முடித்தது. ஏகாம்பரம் குஷியில் வெல்லத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சிட்டு மோந்து பார்த்தது. நல்ல வாசனை. வாயைத் திறந்தது.

"மூணாவது அடி தப்பு!" என்று கத்தியது வெல்லம்.

சிட்டுக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சிடுங்க சார்" என்று வாயை மூடிக்கொண்டு, முதலிலிருந்து நடக்கப் போனது.

நீட்டிய கையோடு நின்ற ஏகாம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வெல்லத்தைத் தன் வாயில் போட்டுக் கடித்தார்.

"சார், இப்ப சரியா?" என்று தூரத்திலிருந்து கேட்டது சிட்டு.

பதிலே இல்லை.

'என்ன பொறுமை!' என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து நடந்தது.