கணவாயில் ஒரு கல்

மழை சற்றே ஓய்ந்திருக்கிறது. கணவாயின் உச்சியில், வழிப்போக்கர்கள் ஆளுக்கொன்றாய்ச் சுமந்துவந்து வைத்த கற்குவியலின் பக்கத்தில் எடில்பெர்த்தோ மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறான். கடற்கரை ஊர்க்காரன்; மூன்று நாளாக இந்த உயரம் அவனை வாட்டுகிறது. மலைக்கு அப்பால் நில்டாவின் அப்பா வீடு. இனி சேர்ந்து வாழப்போகிறோம் என்று இருவருமாக நேரில் போய்ச் சொல்லவேண்டும். திரும்பிவிடலாம் என்பானோ என்ற பயத்தில், அவனுடைய மழைக்கோட்டில் சொட்டும் நீரையே நில்டா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் முதுகுப்பையைத் திறந்து, ஈரத் துணிகளுக்கு அடியிலிருந்து சின்னப் பூசணி அளவு கல் ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கி எடுக்கிறான். “அடப்பாவி! இதையா அடிவாரத்துலேர்ந்து சுமந்துட்டு வந்தே?” “நீதானே சொன்னே, களைப்பையெல்லாம் கல்லுல ஏத்தி இங்க இறக்கிடணும்னு. எனக்குக் களைப்பு ஜாஸ்தியாச்சே.” “ஒரு கூழாங்கல்லு போதும்டா, கழுதை!” சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிடுகிறது. அவன் குவியலில் இடம் தேடி, கல்லைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்துகிறான். மூடுபனி விலகி, பள்ளத்தாக்கில் நனைந்த தகரக் கூரைகள் பளபளக்கின்றன. “அதுல உங்கப்பா வீடு எது?” என்கிறவன், பதிலுக்குக் காத்திராமல், சேற்றில் சறுக்கியபடியே அந்தப் பக்கம் இறங்கத் தொடங்குகிறான்.