ஏழாவது படி

“அம்மா, இன்னிக்கும் பிரெட்டு அப்படியே கெடக்குது” என்றபடி காவியா தட்டைச் சமையலறை மேடையில் வைத்தாள்.

மாரம்மா எட்டிப் பார்த்தாள். நாலு துண்டில் ஒன்றின் ஓரம் மட்டும் கடிபட்டிருந்தது. ஜாம் பாட்டிலின் மூடியைத் திறந்த அடையாளமே இல்லை.

“அரிசிக் கஞ்சி?”

“ரெண்டு வாய் குடிச்சாராம். ‘தேங்க்ஸ் அம்மா’ன்னு சொல்லச் சொன்னாரு.”

“தேங்க்ஸை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? வவுத்துக்குள்ள போவணுமே.”

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் ஒகெல்லோ, உகாண்டாவிலிருந்து ஓசூருக்கு இன்ஜினியரிங் படிக்க வந்தவன். வந்து மூன்று மாதம்தான். வரும்போது வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஆள், இப்போது பேண்ட் நழுவாமல் இருக்கப் பெல்ட்டில் புதிதாக நாலு ஓட்டை போட்டிருக்கிறான். கல்லூரி மெஸ்ஸின் காரம் அவன் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. போன வாரம் வகுப்பிலேயே மயங்கி விழுந்தான். “வெள்ளிக்கிழமை மறுபடி எடை பார்ப்பேன். இன்னும் குறைந்திருந்தால் ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதிவிடுவேன்” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அனுப்பினால் படிப்பு அவ்வளவுதான்.

“நம்ம வூட்ல இருக்கிற புள்ள வவுறு காஞ்சி ஊருக்குத் திரும்பிப் போறதா? வெள்ளிக்கெழமைக்கு இன்னும் நாலு நாளு இருக்குது. ஒரு கை பாத்துடறேன்” என்றாள் மாரம்மா.

அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். ரோஜாப் பண்ணையில் வேலை முடிந்து வந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். செவ்வாய்க்கிழமை நூடுல்ஸ். புதன்கிழமை மிளகாயே போடாமல் வேகவைத்த காலிஃபிளவரும் முட்டையும். நடுவில் பேக்கரி பன், கேக் என்று எல்லாம் மாடிக்குப் போனது. போனதெல்லாம் பெரும்பாலும் அப்படியே கீழே வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சப்பாத்தியும் திரும்பி வந்தது. கம்பெனியில் முதல் ஷிஃப்ட் முடித்து வந்திருந்த காவியா மெல்லப் பேச்செடுத்தாள்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. நாம திங்கறத ஒரு நாளு குடுத்துப் பாத்தா என்ன?”

“களியவா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஏரோப்ளேன்ல வந்த புள்ளைக்கி யாராவது களி போடுவாங்களா? என் மாமியாரு, ஒரம்பரை, விருந்தாளின்னு ஒருத்தர் வந்துட்டா மொதல்ல களிச் சட்டிய மறைச்சி வெச்சிட்டுத்தான் நெல்லுச்சோறு வடிப்பாங்க.”

“அது அந்தக் காலம்மா.”

“எந்தக் காலமா இருந்தா என்ன? அந்தப் புள்ளைக்கி அதோட வாசனையே ஆவல. தெனம் நான் கதவச் சாத்திட்டுத்தான் கிண்டறேன். அப்பவும் வாசன மேல போயிடுது. கதவு இடுக்குல பாக்கறேன், ஏழாவது படி வரைக்கும் எறங்கி வந்து, மூக்க உறிஞ்சிட்டு நிக்குது. அப்பறம் பேசாம மேல போயிடுது. வாயத் தெறந்து சொல்ல சங்கடம், பாவம்.”

காவியாவும் அதைப் பார்த்திருக்கிறாள்.

மாரம்மாவுக்குக் கண் கலங்கியது. விடிந்தால் வெள்ளிக்கிழமை. இத்தனை பாடுபட்டும் தோற்றுவிட்டோமே என்றிருந்தது. ஆனாலும் வீட்டு ஆட்கள் சாப்பிட்டாக வேண்டும். கேழ்வரகு மாவைக் கொதிக்கவிட்டு, சட்டியைத் தரையில் இறக்கித் துடுப்பால் கிண்டத் தொடங்கினாள். அவளும் கீரை கடைய உட்கார்ந்த காவியாவும் கதவைச் சாத்த மறந்துபோனார்கள்.

வாசலில் நிழல் தட்டியது. ஒகெல்லோ குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாரம்மா பதறிப்போய்ச் சட்டியை முந்தானையால் மறைத்தாள். “வாசன அடிக்குதாப்பா? தோ, மூடிடறேன். காவியா, ஜன்னலத் தெற.”

அவன் உள்ளே வந்தான். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த துடுப்பை மெதுவாக வாங்கினான். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, ஒரு கட்டி இல்லாமல் களியைக் கிண்டி முடித்தான். ஆவி பறக்கும் களியில் கொஞ்சம் கிள்ளி உள்ளங்கையில் உருட்டினான். கட்டைவிரலால் குழி பறித்துக் கீரையை அள்ளினான். மெல்லாமல் விழுங்கினான்.

மாரம்மா அவன் வாயையே பார்த்தாள். ஓசூர்ப் பக்கம் பாகலூரில் பிறந்த பிள்ளைகளே இப்போது களியை விழுங்கத் தெரியாமல் மெல்கிறார்கள்.

நான்காவது உருண்டைக்குப் பிறகுதான் அவன் காவியாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

“அம்மா, அவங்க ஊர்லயும் ராகிக் களிதானாம். இந்த வாசனைக்குத்தான் தெனமும் எறங்கி வந்தாராம். கதவு சாத்தியிருக்கவும், தனக்குத் தரமாட்டாங்க போலன்னு திரும்பிப் போனாராம்.”