பார்வைக்கு வந்த நாற்காலி

1937 செப்டம்பர் 8, புதன்.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. நாற்காலியை மேசையை ஒட்டிப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறேன். போட்டிருக்க மாட்டேன், திரும்பியபோது அது கதவைப் பார்த்து இருந்தது.

பழையதானாலும் நல்ல தேக்கு, ஆட்டமில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அதை விற்கக் கொண்டுவந்த செங்கோடனிடம் சொன்னபோது சிரித்தார்.

"புடிக்கறதுக்கு இதென்ன பொண்ணுங்களா? உக்கார்றதுக்குத்தானுங்க. ரெண்டு நாள் ஊட்டுல வெச்சுப் பாருங்க சாமி. வேண்டாமுன்னா நானே எடுத்துக்கறேன்."

நாளை காலை பதில் கேட்க வருவார்.

இன்று மாலை டைப்ரைட்டிங் வகுப்புக்குக் கிளம்பும்போது நாற்காலியைக் கவனமாக மேசையோடு ஒட்டிப் போட்டேன். பூட்டைக் கையில் எடுத்ததும், ஊர்ப் பழக்கத்தில், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டேன். அஸ்தம்பட்டிக்குக் குடிவந்ததிலிருந்து இந்த அறையில் அதைச் சொல்ல ஆளில்லை.

மழையால் திரும்பத் தாமதமாகிவிட்டது. போட்ட பூட்டு அப்படியே இருந்தது. சாவி என்னிடம் மட்டும்தான். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. நாற்காலி அதை ஒட்டி, வெளியே பார்த்தபடி இருந்தது. தள்ளிவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது.

நாளை செய்ய வேண்டியது: காலையில் செங்கோடனிடம் விலையைக் கொடுப்பது. மாலை வகுப்பு ஒரு மணி நேரம் நீளும். அதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுவது.